செஞ்சிக் கணவாயின் சரளை வழிகள்

திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் சாலை ஒரு படைவழியின் நினைவைச் சுமந்தே கிடக்கிறது. கிருஷ்ணகிரி, ராஜகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்த செஞ்சிக் கோட்டையை ஊடறுத்தே அச்சாலை செல்வதால், குன்றுகளிடையே உள்ள கணவாயைக் காத்தவர் எவரோ அவரே இந்நிலப்பகுதியின் போக்குவரத்தையும் ஆண்டார் எனலாம். 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார்; பின்னர் அவர் மகன் ராஜாராம் இங்கு அடைக்கலம் புக, முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல்தான் வென்றது; 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் பிடித்தனர்.

ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து ஆழ்ந்த பள்ளமாகிறது. அதன்மீது இடப்பட்ட பாலத்தை அகற்றிவிட்டால் ஏறிவந்த படை அங்கேயே நின்றுவிட நேரும். மனிதர் கட்டிய மதிலைவிட இப்பிளவே வலிய அரண் என்று கொள்வதில் தவறில்லை.

கோட்டைக்கு வெளியே, செஞ்சிப் பகுதியிலிருந்து புதுச்சேரிப் பக்கம் பாயும் சங்கராபரணி ஆற்றின் கரையில், கல்மரங்களுக்கு, அதாவது கல்லாக மாறிய தொல்மரங்களுக்கு, பெயர்பெற்ற திருவக்கரை உள்ளது. இப்பகுதியில் ஏரிக்கரைகளும் சரளை வழிகளும், அதாவது செம்மண்ணும் பொடிக்கல்லும் இறுகிய தாரிடாத பாதைகளும், ஊர்களை இணைக்கின்றன. செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதைச் சூழ்ந்த இவ்வழிகளும் ஆவணப்படுத்தப்பட வேண்டும்.