தந்தை செல்வாவும் தீவகத்து வாக்கும்

வேலணையில இருந்து யாழ்ப்பாணம் போற பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டி ரவுணுக்குள்ள நுழைஞ்சால், பொது நூலகத்துக்குக் கிட்ட உயரமா ஒரு தூண் நிக்கும். கம்பசுக்குப் போகேக்கையும் வரேக்கையும் பார்க்கிறம். தந்தை செல்வாவின் தூபி எண்டு எல்லாருக்கும் தெரியும். அவர் என்ன செய்தவர் எண்டு ஆராவது கேட்டால், எங்கட வயதுக்காரர் ஒரு வசனத்தோட நிப்பாட்டிப் போடுவம்: “தமிழருக்காகப் போராடினவர்.” முப்பது வருட அரசியல் அந்த ஒரு வசனத்துக்குள்ள காணாமல் போகுது.

சா. ஜே. வே. செல்வநாயகம் 1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயோடு தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். விஞ்ஞானப் பட்டம் பெற்று, கொழும்பில் ஆசிரியராக இருந்து, பிறகு சட்டம் படித்துப் பெயர்பெற்ற வழக்கறிஞரானார். 1947 இல் தமிழ்க் காங்கிரசின் சார்பில் காங்கேசன்துறையில் வென்றார். மேடையில் முழங்கத் தெரிந்த ஆள் இல்லை, குரலும் மெல்லியது. அவர் கிறிஸ்தவர். தொகுதியில் பெரும்பான்மை சைவச் சனம். ஆனாலும் பிற்காலத்தில் அந்தச் சனம் அவரைத் திரும்பத் திரும்ப வெல்ல வைத்தது.

அவருடைய முதல் பெரிய முடிவே வாக்குக்குப் பிரயோசனம் இல்லாதது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அதே காலத்தில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோர் பிரிந்து 1949 டிசம்பர் 18 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். மலையகத்துச் சனத்தால் காங்கேசன்துறையில ஒரு வாக்கும் போடேலாது. 1952 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடங்கள். அவர் தன்னுடைய ஆசனத்தையே இழந்தார்.

நிலைமையை மாற்றியது தனிச் சிங்களக் கொள்கை. 1956 தேர்தலில் தமிழரசுக் கட்சி பத்து இடங்களை வென்றது. எங்கட ஊர்காவற்றுறைத் தொகுதியில் வி. ஏ. கந்தையா வென்றார். அந்த ஆண்டு ஜூன் 5 இல் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடி வாங்கினார்கள். 1957 ஜூலை 26 இல் பண்டாரநாயக்கவோடு ஒப்பந்தம் வந்தது. பிரதேச சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம், குடியேற்றத்தில் அந்தச் சபைகளுக்கு அதிகாரம். ஐக்கிய தேசியக் கட்சி எதிர்த்தது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் வந்திருக்க, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதம் கலவரம். 1961 இல் கச்சேரி வாசல் மறியல், தமிழரசுத் தபால் சேவை, அதற்குப் பிறகு தடுப்புக்காவல். 1965 மார்ச் 24 இல் இன்னொரு ஒப்பந்தம், இந்தமுறை டட்லி சேனநாயக்கவோடு. இதை எதிர்த்தது சுதந்திரக் கட்சி. மாவட்ட சபைகள் வராமலே 1968 இல் அதுவும் முடிந்தது. ஆர் எதிர்க்கட்சியில இருந்தாலும் கிழிக்கிறதுதான் அவைக்கு அரசியல்.

இந்த இடத்திலதான் எங்கட தீவகம் கதைக்குள்ள வருகுது. கந்தையா மறைந்த பிறகு 1963 முதல் ஊர்காவற்றுறையின் எம்.பி.யாக இருந்தவர் வ. நவரத்தினம். தமிழரசுக் கட்சியின் ஆரம்பகால ஆள், சட்டம் தெரிந்தவர். அரசோடு சேர்ந்து போகும் பாதை சரிவராது என்று கட்சிக்குள்ளேயே நின்று எதிர்த்தார். 1968 இல் கட்சியோடு முரண்பட்டுப் பிரிந்தார். பிறகு தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கி, சமஷ்டி போதாது, தமிழர் தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்றார்.

1970 தேர்தலில் அவரை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நிறுத்தியது வேலணையைச் சேர்ந்த பண்டிதர் கா. பொ. இரத்தினத்தை. திருக்குறளைப் பரப்பத் தமிழ்மறைக் கழகம் அமைத்த தமிழறிஞர் அவர். சனம் பண்டிதரைத் தெரிவு செய்தது. எங்கட பேரன் பேத்தியாக்களுக்கு முன்னால இரண்டு பாதை இருந்தது. அவை செல்வாவின் வீட்டுச் சின்னத்துக்குத்தான் புள்ளடி போட்டவை.

ஆனால் ஆறு வருடத்தில் செல்வாவே அந்த மற்றப் பாதைக்கு வந்து சேர்ந்தார். 1972 குடியரசு யாப்பு தமிழரின் கோரிக்கை எதையும் கணக்கெடுக்கவில்லை. அந்த ஒக்டோபரில் அவர் எம்.பி. பதவியைத் துறந்தார். யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்பதை என் தொகுதியில் தேர்தல் வைத்துப் பாருங்கள் என்பதுதான் சவால். அரசு இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து, 1975 பெப்ரவரி 6 இல்தான் தேர்தல் வைத்தது. உடல் தளர்ந்து, காதும் சரியாகக் கேட்காத அந்த வயோதிபர் 25,927 வாக்குகள் பெற்றார். எதிர்த்துப் போட்டியிட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் 9,457. அதற்குப் பிறகுதான், 1976 மே 14 இல், பண்ணாகத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஏப்ரல் 26 இல் அவர் மறைந்தார். மூன்று மாதத்தில் வந்த தேர்தலில் தீவகம் மீண்டும் பண்டிதரைத் தெரிவு செய்தது. இம்முறை கூட்டணியின் உதயசூரியனுக்கு, தனிநாட்டுக் கோரிக்கைக்கு.

அப்ப நவரத்தினம்தான் சரி, சனம் பிழையோ? நாங்கள் அப்பிடி நினைக்கேல்லை. நவரத்தினம் முடிவை முதலில் சொன்னார். செல்வா முதலில் சனத்திட்டக் கேட்டார். பேசிப் பார்த்தார், ஏமாந்தார், பதவியை விட்டுவிட்டு வாக்குப் பெட்டிக்குத் திரும்பிப் போனார். அந்த நிதானத்துக்கும் விலை இருந்தது. 1976 இல் தீர்மானம் வந்தபோது அதை எப்படி அடைவது என்ற கேள்விக்கு மூத்தவர்களிடம் தெளிவான பதில் இல்லை. பொறுமை இழந்த இளைஞர்கள் தாங்களே பதில் தேடிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எங்களுக்குப் புத்தகம் சொல்லத் தேவையில்லை. 1990 இல் தீவகத்துச் சனம் வீடு வாசலை விட்டு ஓடினது. பூட்டின வீடுகளும் கூரையில்லாத சுவர்களும் வேலணையில இன்னும் நிக்குது.

ஒவ்வொரு ஏப்ரல் 26 க்கும் தூபிக்கு மாலை போடுவினம். தேர்தல் வந்தால் அவருடைய படம் போட்ட துண்டுப்பிரசுரம் எங்கட படலைக்கும் வரும். அதைக் கொண்டு வாறவையிட்ட நாங்கள் கேட்க வேண்டியது ஒண்டுதான். தந்த வாக்கு நடக்காட்டி, செல்வநாயகம் செய்தது போலப் பதவியை விட்டிட்டு எங்களிட்டத் திரும்பி வந்து கேட்பியளோ?