ராக்கெட்டுக்குச் சட்டை தைத்த இரும்புத் தகடு

திப்பு சுல்தானின் ராக்கெட் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அதன் தீயும் சத்தமும்தான். அதன் உடம்பு எதனால் செய்யப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் அந்த ஆயுதத்தின் ரகசியமே அங்கேதான் இருந்தது. வெறும் இரும்புத் தகடு!

தீபாவளி ராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதக் குழாய், உள்ளே கருமருந்து, கூடவே ஒரு குச்சி. மருந்து எரியும்போது உண்டாகும் வாயு பின்பக்க ஓட்டை வழியாகப் பீறிட்டு வெளியேறுகிறது, ராக்கெட் முன்னால் பாய்கிறது. குழாய்க்குள் அழுத்தம் கூடக் கூட மருந்து வேகமாக எரியும், வாயுவும் வேகமாக வெளியேறும். ஆக, தூரம் போக வேண்டுமானால் அழுத்தம் வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினாலோ காகிதக் குழாய் கிழிந்துவிடும். சீனா, ஐரோப்பா, இந்தியா என்று பல இடங்களிலும் காகிதத்தையும் மூங்கிலையும் வைத்துச் செய்த ராக்கெட்டுகள் நூற்றாண்டுக் கணக்கில் இந்த இடத்தில்தான் முட்டி நின்றன.

18ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலியின் மைசூர்ப் படை இதற்கு ஒரு விடை கண்டது. இரும்புத் தகட்டை அடித்து வளைத்துக் குழாயாக்கி, ஒரு முனையை அடைத்து, உள்ளே மருந்தை இறுக்கித் திணித்தார்கள். குழாயின் நீளம் ஏறக்குறைய 8 அங்குலம், குறுக்களவு 1.5 முதல் 3 அங்குலம். அதோடு சுமார் 4 அடி மூங்கில் கழி ஒன்று கட்டப்பட்டது. இது ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் பறந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை தோற்றபோது, அதன் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதற்குக் காரணம் ராக்கெட்டுகளே என்று சொல்லப்படுகிறது. அந்தக் காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவர் ஓவியத்தில் இன்றும் பார்க்கலாம்.

சரி, ஏன் இரும்புத் தகடு? வேறு உலோகமே இல்லையா?

ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். செம்பு நன்றாக வளையும், ஆனால் விலை அதிகம், சூட்டில் வலுவும் குறையும். வார்ப்பிரும்பு முறியும் குணமுள்ளது. அதை மெல்லிய தகடாக அடிக்கவே முடியாது. அப்படியானால் எஃகு?

இங்கேதான் கொங்கு நாடு கதைக்குள் வருகிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பழங்கால இரும்பு உலைகளும், மூசையில் எஃகு செய்ததற்கான தடயங்களும் கிடைத்துள்ளன. தென்னிந்திய எஃகு கடல் கடந்து புகழ் பெற்றது. ஆனால் அந்த எஃகில் கரி அதிகம். வாளுக்குக் கூர்மை தரும் அதே கடினம், தகடாக அடிக்கும்போது விரிசலாக மாறும். மேலும் அது சிறு சிறு கட்டிகளாகத்தான் கிடைக்கும். ஒருமுறை எரிந்து முடியும் குழாய்க்கு அதைச் செலவழிப்பது பட்டுத் துணியில் சாக்குத் தைப்பது போல!

மிச்சம் இருந்தது சாதாரணத் தேனிரும்பு. கரி குறைவு, அதனால் மென்மை. அழுத்தம் வந்தால் உடனே உடையாமல் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தாங்கும். பெரிய பட்டறை எதுவும் வேண்டாம், சுத்தியலும் பட்டடைக் கல்லும் போதும்.

இந்த இரும்பை உருக்கும் தொழில் கொங்கு நாட்டிலும் பரவலாக இருந்தது. சேலம் கஞ்சமலையில் இரும்புத் தாது கிடைத்தது. மழைக்குப் பின் ஓடைகளில் ஒதுங்கும் கருமணலை அலசி எடுத்து, மண் உலையில் மரக்கரியோடு போட்டு, தோல் துருத்தியால் ஊதுவார்கள். இரும்பு முழுதாக உருகாது, பஞ்சு போன்ற கட்டியாகத் திரளும். அதை அடித்து அடித்துக் கசடு நீக்கினால் தேனிரும்பு. கலப்பையின் கொழுவும் மண்வெட்டியும் இதில்தான் செய்யப்பட்டன. 1800இல் இந்தப் பக்கம் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் கோவை வட்டாரத்து இரும்பு உருக்கும் தொழிலைப் பதிவு செய்திருக்கிறார்.

1799 வரை கோவை மைசூரின் ஆட்சியில் இருந்தது. 1790 செப்டம்பரில் திப்புவின் படை கஜ்ஜலஹட்டி கணவாய் வழியே இறங்கி வந்து சத்தியமங்கலத்தில் கம்பெனிப் படையோடு மோதியது. ராக்கெட் செய்த தாராமண்டல்பேட்டைகள் கொங்கில் இல்லை. அவை ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூரு, சித்ரதுர்கா, பிதனூர் ஆகிய ஊர்களில் இருந்தன. ஆனால் அவை நம்பியிருந்தது இதே வகைக் கைத்தொழிலைத்தான்.

குறையும் இருந்தது. கையால் அடித்த தகடு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. அதனால் ஒவ்வொரு ராக்கெட்டும் ஒவ்வொரு விதமாகப் பறக்கும். குறி வைத்து ஒன்றை விடுவதைவிடக் கூட்டமாக விடுவதே பலன் தந்தது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் சில ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் வூல்விச் நகரத்துக்குப் போயின. 1804 வாக்கில் ஆய்வைத் தொடங்கிய வில்லியம் காங்கிரீவ் முதலில் லண்டனில் கிடைத்த காகித ராக்கெட்டுகளை வாங்கி விட்டுப் பார்த்தார். 500, 600 கெஜத்தோடு சரி. இரும்புத் தகட்டுக்கு மாறியதும் தூரம் வெகுவாகக் கூடியது. 1807இல் கோபன்ஹேகன் நகரத்தின் மீது அந்த ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. இந்த வரலாற்றை விண்வெளிப் பொறியியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா 1985இல் விரிவாக ஆராய்ந்தார்.

துப்பாக்கிக் குண்டிலும் இதே கேள்வி வந்தது. 1849இல் பிரான்சின் மினியே ஈயக் குண்டின் அடியில் ஓர் இரும்புக் கிண்ணத்தை வைத்தார். சில நேரம் அது ஈயத்தையே துளைத்துக்கொண்டு போய்விட்டது. பின்னாளில் வார்ப்பு ஈயக் குண்டுகளின் அடியைச் சூடான வாயுவிடமிருந்து காக்க மென்மையான செம்புத் தகட்டு மூடி வந்தது. சூட்டைத் தாங்கும் வலுவும் வளைந்துகொடுக்கும் குணமும் சேர்ந்த தகடுதான் இங்கேயும் தேவைப்பட்டது.

2018இல் கர்நாடகத்தின் நகரா ஊரில், அதாவது பழைய பிதனூரில், பாழும் கிணறு ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட் குழாய்கள் கிடைத்தன. இரண்டு நூற்றாண்டு சேற்றில் கிடந்தும் அவற்றின் உருவம் மிஞ்சியிருந்தது.

காங்கிரீவின் பெயரை உலகம் அறியும். அந்தத் தகட்டைத் தட்டிய கொல்லர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு வந்து இறங்க, மரக்கரியும் கிடைப்பது அரிதாக, கொங்கு நாட்டின் மண் உலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. எந்த வேலைக்கு எந்த இரும்பு என்று கைப்பழக்கத்தில் அறிந்திருந்த ஒரு தலைமுறையின் அறிவு எழுதப்படாமலே போனது. அதுதான் பெரிய இழப்பு.