கறள், எனாமல், பவுடர்

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற எம்டி 90 மோட்டார் சைக்கிள் ஒன்றில் பெயின்ற் கழன்ற இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கோ. மேலே கறுப்போ நீலமோ இருக்கும். பல வண்டிகளில் அதுக்குக் கீழே ஒரு சிவப்பு தெரியும். ஜப்பானியத் தபால் சேவைக்காக ஹொண்டா செய்த வண்டி அது. அங்கே கடிதம் காவி ஓய்ந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தது. நகம் அளவு சொட்டைக்குள் ஒரு வண்டியின் சீவியம் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

இப்போது இப்படியான பிறேம்களை மணல் அடிச்சு வெறும் இரும்பாக்கி, பவுடர் கோட்டிங் செய்விக்கிற பழக்கம் வந்திருக்கிறது. செய்யலாமா, கூடாதா என்று எங்கட குழுவுக்குள்ளேயே வாக்குவாதம். அதுக்குப் பதில் தேட, இந்தப் பூச்சின் வரலாற்றுக்குப் போகவேண்டி வந்தது.

ஜப்பானின் அரக்குப் பூச்சைப் பார்த்து ஆசைப்பட்ட ஐரோப்பியர், அந்த மரத்தின் பால் கிடைக்காததால் தங்கள் கைக்கு எட்டினதை வைத்து அதைப் போலச் செய்யப் பார்த்தார்கள். அதில் ஒன்று நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து இரும்பில் பூசி, சூளையில் சுடுகிற கறுப்பு. பேரும் 'ஜப்பான் கறுப்பு' என்றே நின்றுவிட்டது. சைக்கிள் பிறேம்களுக்கு இப்படிச் சுட்ட எனாமல்தான் பூசினார்கள். அந்த வழியே மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. எங்கட அப்பப்பாமார் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ரலி சைக்கிளின் மினுக்கம் இந்தப் பரம்பரைதான்.

ஆனால் பெயின்ற் மட்டும் கறளைத் தடுக்காது. 1906இல் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த தோமஸ் வாட்ஸ் கொஸ்லெட் என்பவர், இரும்பைப் பொஸ்பாரிக் அமிலக் கரைசலில் வேகவைத்து அதன் மேல் ஒரு மெல்லிய பொஸ்பேற் படையை உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் படை பெயின்றைப் பிடித்து வைத்திருக்கும். கறள் பரவுவதையும் மெதுவாக்கும். பூச்சின் ஆயுள் கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்படையில்தான் இருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்த விசயம். இன்றைக்கும் மலிவாகப் பவுடர் அடிக்கிற சில இடங்களில் தவறவிடுவது இதைத்தான்.

பவுடர் வந்தது 1950களில். ஜேர்மனியில் எர்வின் கெம்மர், பிளாஸ்ரிக் தூளைக் காற்றால் மிதக்கவிட்டு, சூடாக்கின இரும்பை அதுக்குள் தோய்த்து எடுத்தார். 1960களில் மின்னேற்றம் கொடுத்துத் தூளை விசிறும் துப்பாக்கி வந்தது. தின்னர் தேவையில்லை, புகை குறைவு, சிந்தின தூளையும் அள்ளிப் பாவிக்கலாம். தொழிற்சாலைக்கு வேறென்ன வேணும்? விசிறின பொருளை 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சுட்டால் தூள் உருகி ஓடி, பிறகு இறுகும். ஒருக்கா இறுகினால் இறுகினதுதான்; அவிச்ச முட்டை மாதிரி, திரும்ப உருக்க ஏலாது. எங்கட வீட்டு அலுமினிய யன்னலில் இருக்கிறதும் இதே பூச்சுத்தான்.

சிக்கலும் இங்கேதான். எனாமல் பிறேமைக் கராஜ்காரர் ஒரு தூரிகையோடு திருத்திவிடுவார். பவுடர் பிறேமைத் திரும்பப் பவுடராகவே திருத்த சூளை வேணும். அதுக்கு வண்டி முழுவதையும் கழற்ற வேணும்.

1990இல் திரும்பச் சண்டை தொடங்கினபின், வடக்கில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல் இருந்த வருசங்களை நினைத்துப் பாருங்கோ. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடின வண்டிகள் அவை. கிடைத்ததை வைத்துத் திருத்தக்கூடியதாக இருந்ததால்தான் அவை தப்பின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீண்டபோதும் பழசைத் திருத்தி ஓடுறதுதான் கதி. திருத்த ஏலுமா என்ற கேள்வி எங்களுக்கு அழகு சம்பந்தப்பட்டதே இல்லை.

அதுக்காகப் பவுடர் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கல் தெறித்து ஒரு சொட்டை விழுந்தால் கையாலும் திருத்தலாம், பிந்தாமல் செய்தால். பவுடர் படை தடிப்பானது, 60 முதல் 120 மைக்ரோன் வரை வரும். அதனால் உடைஞ்ச விளிம்புக்குக் கீழே உப்புக்காற்றின் ஈரம் புகுந்து, மேலே பளபளப்பு இருக்கக் கீழே கறள் ஊரும். பொங்கினதைக் கத்தி நுனியால் கிளப்பி, உறுதியாக ஒட்டியிருக்கிற இடம் வரை எடுக்கவேணும். மனம் வராது, சொட்டை பெரிசாகும், ஆனாலும் எடுக்கவேணும். பிறகு கறள் போக உரஞ்சி, விளிம்பைச் சரிவாக்கி, எண்ணெய்ப்பசை துடைத்து, எப்பொக்சி பிறைமர் ஒரு மெல்லிய பூச்சு. அது காய்ந்தபின் நிறத்தை இரண்டு மூன்று தரம் மெல்லிசாக. பவுடர் அடிச்ச இடத்தில் நிறத்தின் ரால் இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கோ. 1927இல் ஜேர்மனியில் 40 நிறங்களோடு தொடங்கின பட்டியல் அது. இலக்கம் இருந்தால் கிட்டத்தட்டப் பொருந்தும் பெயின்ற் கலக்கலாம். முழுக்கப் பொருந்தாது. திருத்தின இடம் தெரியும், தெரியட்டும்.

பிறேம் வளைவிலும் வெல்டிங்கிலும் கறள் தின்றிருந்தால் சொட்டை திருத்திப் பிரயோசனமில்லை, முழுக்க உரிக்கத்தான் வேணும். அப்படிக் குடுக்கும்போது சாதாரணப் பட்டி வைத்துக் குடுக்காதேங்கோ, அது சூளைச் சூட்டைத் தாங்காது. உரிக்கமுதல் பழைய நிற அடுக்குகளைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கோ. செசி நம்பரை மூடி மறைக்கச் சொல்லிக் கட்டாயம் சொல்லுங்கோ. மணல் அந்த எழுத்துகளைத் தேய்க்கும், தடிப்பான பவுடர் பள்ளத்தை நிரப்பும். பிறகு சோதனையில் மறிக்கிறவருக்கு வாசிக்க ஒன்றும் இருக்காது.