நார்வேயிலிருந்து வந்த தேன் கிராக்கி

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்கா, பொறுத்துக்கோங்க.

2008. கள்ளக்குறிச்சியில மச்சானுக்கு ஒரு சின்னக் கடை. மலைத்தேன், கடுக்காய், சாமை, புளி. எல்லாம் கல்வராயன் மலையில வெள்ளிமலை பக்கமிருந்து கச்சிராயபாளையம் வழியா இறங்கி வர்ற சரக்கு. (அப்போ விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான்.) சும்மா இருந்த மனுஷனை உசுப்பிவிட்டு, கடைக்கு ஒரு இணையப்பக்கம் போட்டுக் கொடுத்தேன். ஓரத்துல, எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வர்றாங்கன்னு காட்டுற கருவி ஒண்ணு.

ஒரு மாசம் கழிச்சு போன்.

"மாப்ள, நார்வேக்காரன் எதுக்குடா தினம் தினம் வந்து நம்ம தேனைப் பாக்குறான்?"

ஙேன்னு முழிச்சேன். அடுத்த ரெண்டு நாள் ஏற்றுமதி லைசென்ஸ் எப்படி வாங்குறதுன்னு பேசிக்கிட்டிருந்தோம் :-) விஷயம் புரிஞ்சப்போ சிரிப்பும் வந்தது, வயித்தெரிச்சலும் வந்தது.

2006 ஜனவரியில் ஓப்பரா மினி உலகம் முழுக்க வந்தது. சாதா நோக்கியாவிலும் ஓடும். அதோட சூட்சுமம் இதுதான்: நாம கேட்கிற பக்கத்தை நம்ம போன் நேரா போய் எடுக்காது. நார்வே கம்பெனியான ஓப்பராவோட சர்வர் எடுத்து, நசுக்கிச் சுருக்கி, போனுக்கு அனுப்பும். அதனால மச்சானோட கருவிக்குத் தெரிஞ்சது ஓப்பரா சர்வரோட முகவரி மட்டும். உண்மையில வந்தவர் சின்னசேலத்துக்காரரோ சங்கராபுரத்துக்காரரோ, யார் கண்டா? ஓப்பரா சர்வர் உண்மையான முகவரியையும் கூடவே ஒரு வரியில அனுப்பத்தான் செய்யும். அந்த வரியைப் படிக்கணும்னு எங்க கருவிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

சரி, வந்தவர் எதைப் பார்த்திருப்பார்? தமிழெழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமா. ஓப்பரா மினியில அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துக்களைப் படமாகக் காட்டச் சொல்லி மாத்தினாத்தான் தமிழ் தெரியும். அந்த வித்தையை அப்போ நம்மில் பாதிப் பேர் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்திருப்போம். தேன் வாங்க வந்தவருக்கு யார் சொல்வாங்க? கட்டத்தைப் பார்த்துட்டுப் போயிட்டார். நாங்க நார்வேக்காரன் ஏன் வாங்கலைன்னு யோசிச்சிக்கிட்டிருந்தோம்.

இது எங்க மடத்தனம் மட்டும் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. கூகுள், அர்ச்சின் என்ற கம்பெனியை வாங்கி, 2005 நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸை இலவசமா விட்டது. அது எண்ணுறது ஜாவாஸ்கிரிப்ட் துண்டு ஒண்ணை வச்சு. அந்தக் காலத்துப் பெரும்பாலான போன்களில் அது ஓடாது. போனில் வந்து போனவங்க கணக்கிலேயே ஏற மாட்டாங்க. சாதா போன்களையும் எண்ணுற மாதிரி சர்வரிலேயே வைக்கிற துண்டு 2009 அக்டோபரில்தான் வந்தது. நடுவுல நாலு வருஷம், "செல்போன்ல எவன் சார் வர்றான், ரிப்போர்ட்டைப் பாருங்க"ன்னு எத்தனை முதலாளிகளிடம் சொல்லப்பட்டிருக்குமோ. வர்றவனை எண்ணாத ரிப்போர்ட்டைக் காட்டி, அவனுக்குன்னு பக்கம் தேவையில்லைன்னு முடிவு. இத்தனைக்கும் சர்வரோட பதிவேட்டில் ஒவ்வொரு வருகையும், எந்த போன்ங்கிற பேரோட, வரி வரியா கிடந்தது. பிரிச்சுப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

2012ல் ஸ்டாட்கவுண்டர் கணக்குப்படி இந்தியாவில் கைப்பேசி வழி வருகை கணினியைத் தாண்டியது. உலக அளவில் தாண்டியது 2016 அக்டோபரில். நம்ம ஊர் முந்திக்கிச்சு, ஏன்னா இங்க பல பேருக்கு முதல் பொட்டியே போன்தான்.

எண்ணினவங்களும் தப்பு பண்ணாங்க. 2015 மே மாசம் மிந்த்ரா, வர்றவங்க பெரும்பாலும் போன்லதான் வர்றாங்கன்னு சொல்லி இணையதளத்தையே மூடிட்டு 'ஆப்' மட்டும்னு நின்னது. 2016 ஜூனில் கணினித் தளத்தைத் திரும்பத் திறந்தது. என் அபிப்பிராயம், வந்த தலையை மட்டும் எண்ணினா இப்படித்தான் ஆகும். பஸ்ல போனில் புடவை பார்த்துட்டு, ராத்திரி கணினியில உட்கார்ந்து வாங்குற ஒரே அம்மாவை ரெண்டு பேராகத்தான் கணக்கு காட்டும்.

ஃபிளிப்கார்ட் கதை இன்னும் நல்ல பாடம். 2015 மார்ச்சில் போனுக்கான தளத்தை மூடி எல்லாரையும் ஆப்புக்குத் தள்ளினாங்க. அதே வருஷம் நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட்னு திரும்ப வந்தாங்க. அதில் வந்தவர்களில் 63 சதவீதம் 2ஜியில் வந்தவங்க! இடமில்லாத போனில் ஆப்பை எங்கே ஏத்துறது? மூடியிருந்த மாசங்களில் இவங்க எந்தக் கணக்கிலும் இல்லை. கல்வராயன் மலையில ரோட்டு வளைவு ஒண்ணில் மட்டும் சிக்னல் கிடைக்க, அங்க நின்னு போனைத் தூக்கிப் பிடிச்ச பசங்களை நான் பார்த்திருக்கேன். 63 சதவீதம்னா எனக்கு அவங்க முகம்தான்.

மச்சான் இப்போ தேறிட்டார். மாசத்துக்கு ஒரு தடவை, போனில் வர்றவங்களைத் தனியா, கணினியில் வர்றவங்களைத் தனியா பிரிச்சுப் பார்க்கிறார். அப்படிப் பார்த்ததில், போன்காரங்க விலாசம் நிரப்புற இடத்துல வந்து கழண்டுக்கறது தெரிஞ்சது. சின்னத் திரையில் பதினோரு கட்டம் நிரப்பச் சொன்னா யார் இருப்பா? (வச்சது நான்தான், ஹிஹி.) எல்லாத்தையும் எடுத்துட்டு, தொட்டா வாட்ஸப் திறக்கிற மாதிரி ஒரே பொத்தான் வச்சோம். ஆர்டர் அதுல வர ஆரம்பிச்சது.

நார்வே ஆட்டம் மட்டும் இன்னும் முடியலை. செல்போன் கம்பெனிகள் ஆயிரக்கணக்கானவங்களை ஒரே முகவரி வழியா வெளியே விடுறதால, வெள்ளிமலையில உட்கார்ந்து பார்க்கிறவரும் கணக்குல 'சென்னை'ன்னு விழலாம். போன மாசம் சென்னைன்னு காட்டின ஒரு ஆர்டருக்குக் கூரியர் கட்டப் போனவர், எதுக்கும் இருக்கட்டும்னு போன் போட்டு, "எந்த ஊருங்க?"ன்னு கேட்டிருக்கார்.

கச்சிராயபாளையமாம். சாயங்காலம் டவுன் பஸ்ல கொடுத்தனுப்பிட்டார்.