தமிழ் மேடைப்பேச்சு: அவையை இணங்கவைத்த உத்திகளின் வரலாறு

மேடைப்பேச்சு என்றவுடன் கம்பீரமான குரலும் அடுக்கடுக்கான சொற்களும் நினைவுக்கு வருகின்றன. பேச்சுப்போட்டிக்கு ஆயத்தமாகும் மாணவர்களும் இவற்றையே முதலில் பழகுகிறார்கள். ஆனால் கேட்பவர் மனம் மாறுவதற்கு இவை மட்டும் போதுமா? தமிழ் மேடையின் ஏறத்தாழ 120 ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், எதிரில் அமர்ந்திருப்பவர் யார் என்பதை அறிந்து பேசியவர்களே வெற்றி பெற்றார்கள் என்பது விளங்கும்.

பேச்சும் அவையும்

கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், பேச்சாளர் அவையை இணங்கவைக்கும் வழிகளை மூன்றாகப் பகுத்தார். பேசுபவர் மீது அவைக்கு உள்ள நம்பிக்கை, கேட்பவரிடம் எழுப்பப்படும் உணர்ச்சி, வாதத்தில் உள்ள காரண காரியத் தொடர்பு ஆகியவையே அவை. திருக்குறளும் இப்பொருளில் விரிவாகப் பேசுகிறது. சொல்வன்மைக்கு 65ஆம் அதிகாரத்தையும், அவையறிதலுக்கு 72ஆம் அதிகாரத்தையும், அவையஞ்சாமைக்கு 73ஆம் அதிகாரத்தையும் வள்ளுவர் ஒதுக்கியுள்ளார். பேசும் திறனுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தவர், அவையை அறியும் திறனுக்குத் தனியே இன்னோர் அதிகாரம் கொடுத்திருப்பது கவனிக்கத்தக்கது.

பிரசங்கம்: 1847

தமிழகத்திலும் ஈழத்திலும் புராணம் படித்துப் பொருள் சொல்லுதல், கதாகாலட்சேபம், கூத்து முதலியவை நெடுங்காலம் இருந்துவந்தன. இவற்றைக் கேட்க வந்தவர்களுக்குக் கதை முன்பே தெரியும். கேட்பவரை நேராக விளித்து, ‘நீங்கள் இப்படி நடக்க வேண்டும்’ என்று உரைநடையில் எடுத்துரைக்கும் முறை, கிறித்தவ மறைப்பணியாளர்களின் பிரசங்கங்களால் பரவலானது.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இம்முறையை அருகிலிருந்து கற்றவர். அவர் பீட்டர் பேர்சிவல் பாதிரியாரிடம் ஆசிரியராகப் பணியாற்றி, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் துணைநின்றார். பின்னர், எதிர்த்தரப்பிடம் கற்ற அதே வடிவத்தைச் சைவத்துக்காகக் கையாண்டார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதல் பிரசங்கம் நடைபெற்றது. வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. பாட்டும் இசையும் இல்லாத தெளிவான உரைநடையே அவருடைய கருவி.

கடற்கரையும் ஆலையும்: 1907–1908

அரசியல் மேடை முதலில் ஆங்கிலத்திலேயே பேசியது. 1907 மே மாதம் வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவுகள் பெரும் எழுச்சியை உண்டாக்கின. ஆனால் அவை ஆங்கிலம் கற்றவர்களுக்கே முழுமையாக எட்டின.

அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் நிலைமை மாறியது. வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினார்கள். கேட்டவர்களில் பலர் கோரல் ஆலைத் தொழிலாளர்கள். சுயராச்சியம் என்ற சொல், அவர்களுடைய கூலியோடும் வேலை நேரத்தோடும் இணைத்துப் பேசப்பட்டது. பேசியவர் மீதான நம்பிக்கையும் இங்கு பெரிதாக வேலை செய்தது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தோடு நேராக மோதியவர் என்பதை ஊரே அறியும். தியாகத்தைப் பற்றிப் பேசுமுன்பே அவர் அதைச் செய்துகாட்டியிருந்தார்.

1908 பிப்ரவரி 27 அன்று ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒன்பது நாள்களில் நிர்வாகம் இறங்கிவந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். துப்பாக்கிச்சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

வழக்கில் இவர்களுடைய பேச்சைப் பற்றிய குறிப்புகளே முக்கியச் சான்றாயின. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. இருவரும் 1912இல் வெளிவந்தபோது, வ.உ.சி.யின் கப்பல் நிறுவனம் அழிந்திருந்தது. சிவாவைச் சிறையில் தொழுநோய் பற்றியிருந்தது. உழைப்பாளியிடம் அவன் மொழியில் பேசும் பேச்சுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அரசு எப்படி மதிப்பிட்டது என்பதற்கு இத்தீர்ப்பே அளவுகோல்.

இதன்பின் தமிழ் மேடையை நிலைநிறுத்தியவர்களில் திரு.வி. கலியாணசுந்தரனார் முதன்மையானவர். 1917இல் ‘தேசபக்தன்’ ஆசிரியரான அவர், மறு ஆண்டு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மேடைகளிலும் நல்ல தமிழை ஒலிக்கச் செய்தார்.

ஓர் இயக்கம், இரண்டு நடைகள்

சுயமரியாதை இயக்கத்தை நடத்திய பெரியார் ஈ.வெ.ரா. மேடையில் வீட்டுப் பேச்சுவழக்கிலேயே பேசினார். அவரிடம் அலங்காரம் இல்லை. வரிசையாகக் கேள்விகள் கேட்பார். அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுச் சொல்வார். நான் சொல்வதால் நம்ப வேண்டாம், உங்கள் அறிவைக் கொண்டு சிந்தித்து முடிவு செய்யுங்கள் என்ற கருத்தை மீண்டும் மீண்டும் வலியுறுத்துவார். இதுவும் ஒரு வலுவான உத்தியே. முடிவைக் கேட்பவரிடம் விட்டுவிடுபவர் மீது நம்பிக்கை கூடுகிறது. 1973 டிசம்பர் 19 அன்று சென்னைத் தியாகராயநகரில் தம் இறுதிச் சொற்பொழிவை ஆற்றினார். ஐந்து நாள்களில் மறைந்தார். 94 வயதிலும் மேடையேறிய அந்த உறுதியே அவர் பேச்சுக்குச் சான்றாக நின்றது.

அவரிடம் பயின்ற சி.என். அண்ணாதுரை இதற்கு நேர்மாறான நடையைக் கைக்கொண்டார். எதுகையும் மோனையும் கலந்த அடுக்குமொழி அவருடையது. இதை வெறும் ஆரவாரம் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் அக்கால அவையை எண்ணிப்பார்க்க வேண்டும். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரே. பெரும்பாலோர்க்குப் பேச்சைப் பின்னர் அச்சில் படித்துப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. ஒருமுறை காதில் விழுந்தது நினைவில் தங்க வேண்டும்; மறுநாள் வயலிலோ தேநீர்க் கடையிலோ திருப்பிச் சொல்லும்படி இருக்க வேண்டும். நம் முன்னோர் செய்யுளை மனப்பாடம் செய்ய உதவிய ஓசையையே அண்ணா உரைநடைக்குக் கொண்டுவந்தார். செந்தமிழைப் புலவர் மன்றத்திலிருந்து தெருமுனைக்குக் கொணர்ந்து, ‘இது உங்களுக்கும் உரியது’ என்று உணர்த்தியதும் அந்த நடையே.

அதே அண்ணா 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் தம் கன்னிப்பேச்சை ஆங்கிலத்தில் நிகழ்த்தினார். கருத்து மாறுபாடு கொண்ட உறுப்பினர்களிடம் அங்கே அடுக்குமொழி பயன்படாது. திராவிடர்க்குத் தன்னுரிமை வேண்டும் என்பதைக் காரணங்களை அடுக்கி வாதிட்டார். அவையறிதல் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மறுமொழி உள்ள மேடை

1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்கலாமா என்ற பொருளில் இரண்டு சொற்போர்கள் நடைபெற்றன. சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாவை எதிர்த்து ரா.பி. சேதுப்பிள்ளையும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் பேசினர். சேதுப்பிள்ளையும் எதுகை மோனை நடையில் புகழ்பெற்றவர். ஆகவே ஓசையழகு இரு பக்கமும் இருந்தது. அவையோர் ஒரே நாளில், ஒரே மேடையில் இரு தரப்பையும் கேட்டு எடைபோட முடிந்தது.

பின்னாளில் கட்சிக் கூட்டங்கள் பெருகின. அங்கே ஒரு தரப்பே பேசும். மறுமொழி சொல்ல எவரும் இல்லை. அடுக்குமொழியைப் பின்பற்றிய பலர் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குள் இருந்த வாதத்தை விட்டுவிட்டனர். கைதட்டல் எங்கே வரும் என்பது பேசுபவருக்கும் தெரிந்தது, கேட்பவருக்கும் தெரிந்தது.

கேட்போர் கடமை

மேற்கண்ட உத்திகள் தம்மளவில் நல்லவையும் அல்ல, தீயவையும் அல்ல. கூலி உயர்வு கேட்க உதவிய அதே திறம், பொய்யைப் பரப்பவும் உதவும். எனவே மாணவர்கள் ஒரு பேச்சைக் கேட்டபின் மூன்றை ஆராயலாம். ஓசையை நீக்கிவிட்டுச் சொந்தச் சொற்களில் எழுதினால் என்ன மிஞ்சுகிறது? பேசியவர் தாம் சொன்னதற்காக எதையேனும் இழந்திருக்கிறாரா? எதிர்த்தரப்பினர் மேடையில் இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்?

திருக்குறளில் 42ஆம் அதிகாரத்தின் பெயர் ‘கேள்வி’. அங்கே அதற்குச் செவியால் கேட்டறிதல் என்பது பொருள். இன்றைய வழக்கில் அச்சொல் வினாவையும் குறிக்கிறது. நல்ல அவைக்கு இவ்விரண்டும் வேண்டும்.