காயத்துக்கு தேன் கட்டு: மருத்துவமனையில் போடுகிறார்களே, வீட்டில் நாமே போடலாமா?

அடுப்பில் கை சுட்டுவிட்டால் "கொஞ்சம் தேன் தடவு, சரியாப் போயிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அதே தேன் இப்போது கட்டுத்துணியிலும் ஜெல் டியூபிலும் மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2007-லேயே 'மெடிஹனி' என்ற தேன் கட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டது.

அப்போ பாட்டி சொன்னது சரிதானா? பாதி சரி. தேனில் விஷயம் இருக்கிறது. ஆனால் எந்தத் தேன், எந்தப் புண் என்பதில்தான் சிக்கல்.

தேன் புண்ணில் என்ன செய்கிறது?

தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை, தண்ணீர் 20 சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவு கெட்டியான சர்க்கரை, பாக்டீரியாவின் உடம்பில் இருக்கும் நீரை உறிஞ்சிவிடும். ஊறுகாயில் உப்பு செய்கிற அதே வேலை. தேனின் அமிலத்தன்மையும் கிருமிகளுக்குப் பிடிக்காது.

இன்னொன்று சுவாரஸ்யமானது. தேனீக்கள் சேர்க்கும் ஒரு நொதி, புண்ணில் கசியும் நீரோடு தேன் கலக்கும்போது வேலை செய்ய ஆரம்பித்து, ஹைட்ரஜன் பெராக்சைடை மிகச் சிறிய அளவில் தொடர்ந்து உருவாக்குகிறது. நியூசிலாந்தின் மனுகா தேனில் மெத்தில்கிளையாக்சால் என்ற கிருமிக்கொல்லியும் அதிகம். மருத்துவக் கட்டுகளில் மனுகாவின் பெயர் அடிக்கடி அடிபடுவதற்கு இதுதான் காரணம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் அறுவை சிகிச்சை மருத்துவர் எம்.சுப்ரமணியம் 104 தீக்காய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1991-ல் பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை இதழில் வெளியானது. பாதி பேருக்கு தேன், பாதி பேருக்கு வழக்கமான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு. 7 நாளில் தேன் போட்டவர்களில் 91 சதவீதம் பேரின் புண்ணில் கிருமி இல்லை. களிம்பு போட்டவர்களில் அது 7 சதவீதம்தான்.

கேட்க பிரமாதமாக இருக்கிறது. ஆனா ஒரே ஒரு ஆய்வை வைத்து முடிவுக்கு வர முடியாது இல்லையா? 2015-ல் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளை, அதாவது சுமார் 3,000 நோயாளிகளின் தகவல்களை, சேர்த்துப் பார்த்தது. ஆழமில்லாத தீக்காயங்கள் வழக்கமான சில கட்டுகளைவிட 4, 5 நாள் முன்னதாக ஆறுகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சீழ் பிடித்த புண்ணுக்கும் பலன் இருக்கிறது. மற்ற புண்களுக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

மனுகா தேனின் சொந்த ஊரான நியூசிலாந்திலேயே, ரத்தநாளக் கோளாறால் வரும் கால் புண்ணுக்கு 368 பேரிடம் சோதித்தார்கள். 2008-ல் வந்த முடிவு: சாதாரண கட்டைவிட தேன் கட்டு மேலானது என்று நிரூபிக்க முடியவில்லை.

கடைத் தேன் ஏன் கூடாது?

தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் போன்ற கிருமிகளின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு தேன் கொடுக்காதீர்கள் என்று சொல்வதே இதனால்தான். மருத்துவத் தேனை காமா கதிர் மூலம் கிருமி நீக்கி, மூடி முத்திரையிட்டுத்தான் விற்கிறார்கள். கடைத் தேனுக்கு அது கிடையாது. பாட்டிலில் அடைக்கும் முன் சூடுபடுத்தினால் மேலே சொன்ன நொதியும் வீணாகிவிடும். போதாக்குறைக்கு கலப்படம் வேறு. 2020 டிசம்பரில் டெல்லியின் சி.எஸ்.இ அமைப்பு, பல பிராண்டு தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாகச் சொன்னது. நிறுவனங்கள் மறுத்தன. எது எப்படியோ, திறந்த புண்ணில் ஊற்ற அந்த பாட்டில் வேண்டாம்.

கை சுட்டால் முதலில் செய்ய வேண்டியது குழாயைத் திறப்பது. 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். தேன், டூத்பேஸ்ட், பேனா மை, மாவு எதுவும் வேண்டாம்.

தேன் கட்டு போடும்போது

புண்ணை சுத்தம் செய்து, தேன் ஊறிய துணியையோ ஜெல்லையோ வைத்து, மேலே கசிவை உறிஞ்சும் கட்டைப் போடுவார்கள். முதல் சில நாள் கசிவு அதிகமாகும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. சிலருக்கு சுருக்கென்று எரியும். தாங்க முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், எடுத்துவிடுவார்கள். கசிவைப் பொறுத்து தினமுமோ இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறையோ கட்டு மாற்ற வேண்டும். தேனீ, தேன் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் உள்ளே ஆழமாகப் போவதே தெரியாது. வலியில்லையே என்று வீட்டில் தேன் தடவி வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள்தான் விரலை, சில சமயம் பாதத்தையே இழக்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு தேன் கட்டு உதவும் என்பதற்கு தெளிவான ஆதாரம் இதுவரை இல்லை. சின்னப் புண்ணாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்றம், சீழ், காய்ச்சல், சுற்றிலும் சிவந்து பரவுதல், தோல் கறுப்பது என எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.