ஜன்னலோரப் பையன் கேட்ட கேள்விக்குத் தாமதமாக ஒரு பதில்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

நேற்று பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். காலையிலிருந்து என் வாட்ஸப்பில் தலைப்பாகையோடு சர் சி.வி. ராமன் படமாக வந்து குவிந்தது. அனுப்பியவர்களில் பாதிப் பேர் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள். சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு படத்தைப் பார்க்கும்போதும் எனக்கு ஒரு பழைய கடன் ஞாபகம் வந்தது.

1988ஆம் வருடம். ராமன் விளைவு நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டான். நான், "நோபல் பரிசு கிடைச்சுதே, அது போதாதா? உட்காரு. அஞ்சு மார்க் கேள்வி, படம் போட மறக்காதே" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். பொருள்களை அடையாளம் காண வேதியியல் கூடங்களில் பயன்படுகிறது என்றாவது சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

ராமன் நம் பக்கத்து மனிதர். பிறந்தது 1888ல், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள திருவானைக்காவலில். தந்தை வழி முன்னோர் தஞ்சாவூர் ஜில்லாவில் பயிர்த்தொழில் செய்தவர்கள். அவர் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்துகொண்டே, காலையும் மாலையும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தது உங்களுக்குத் தெரிந்த கதை. 1921ல் கப்பலில் வரும்போது கடலின் நீலத்தைப் பார்த்து யோசித்ததும் தெரியும். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம் சொல்கிறேன். 1923லேயே அவருடைய மாணவர் கே.ஆர். ராமநாதன், திரவங்களில் சிதறிய ஒளியில் வேறு நிறம் மிக மங்கலாகக் கலந்திருப்பதைக் கவனித்துவிட்டார். திரவத்தில் ஏதோ அழுக்கு என்று நினைத்தார்கள். திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தும் அந்த மங்கல் போகவில்லை. அது அழுக்கு இல்லை, புதிய இயற்கை நிகழ்வு என்று உறுதியாக 1928 பிப்ரவரி ஆகிவிட்டது. அப்போது ராமனுடன் நின்று உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன். ஏறக்குறைய அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்ற இருவரும் குவார்ட்ஸ் கல்லில் இதையே பார்த்தார்கள். முந்தி வெளியிட்டவர் ராமன். குவார்ட்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

விஷயம் இதுதான். ஒரே நிறமுள்ள ஒளி ஒரு பொருளில் விழுந்து சிதறும்போது, கோடியில் ஒரு ஒளித்துகள் தன் ஆற்றலில் கொஞ்சத்தை மூலக்கூறிடம் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளியே வரும். கோடியில் ஒன்று! இதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும் என்றுதான் அன்று என் மனசிலும் இருந்தது.

1960ல் அமெரிக்காவில் மெய்மன் முதல் லேசரை உருவாக்கினார். இரண்டே வருடத்தில், அதே ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் வுட்பரி, இங் என்ற இருவர், மாணிக்கக்கல் லேசரோடு நைட்ரோபென்சீன் நிரப்பிய ஒரு கருவியை வைத்துச் சோதித்தபோது கணக்கு உதைத்தது. 694 நானோமீட்டரில் வரவேண்டிய சிவப்பு ஒளியோடு, 767ல் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒளி பலமாக வந்தது. ராமனின் அந்த மங்கல்தான். லேசரின் வலுவில் கோடியில் ஒன்றாக இருந்தது கிட்டத்தட்ட பத்தில் ஒன்றாகிவிட்டது. நிறம் மாறிய துகள் ஒன்று போகும்போது, பக்கத்தில் போகும் லேசர் துகள்களையும் தன்னைப்போலவே மாறத் தூண்டுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி வளர்கிறது.

இதற்கும் தொலைபேசிக்கும் என்ன சம்பந்தம் என்று உறவுக்காரர்கள் கேட்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1979ல் எங்கள் அப்பா காலமானபோது பம்பாயிலிருந்த அண்ணனுக்கு டிரங்க் கால் போட்டேன். நாலு மணி நேரம் காத்திருந்து கிடைத்தது. கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் அவன் குரல். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவன் காதில் விழுந்தது "அப்பா", "உடனே வா" என்ற இரண்டு சொற்கள்தான். மூன்றாம் நாள் அப்பாவுக்கு மருந்தும் ஒரு ஸ்வெட்டரும் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் இறங்கினான். தூரம் போகப்போகக் குரல் தேய்ந்துவிடும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

கண்ணாடி இழையில் போகும் ஒளிக்கும் அதே கதிதான். 1966ல் சார்லஸ் காவ், கண்ணாடியிலுள்ள அசுத்தங்களை நீக்கினால் ஒளி வழியே செய்தி அனுப்பலாம் என்று எழுதினார். ஒரு கிலோமீட்டர் தாண்டி நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும் என்பது அவர் கணக்கு. 1970ல் கார்னிங் கம்பெனியில் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் அதைத் தாண்டிவிட்டார்கள். சாதாரண அறை வெப்பத்தில் விடாமல் எரியும் குறைகடத்தி லேசரும் அதே 1970ல்தான் வந்தது. அந்த நவம்பர் 21ஆம் தேதி ராமன் பெங்களூரில் காலமானார்.

இன்றைய இழையில் 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒளி பாதியாகும். 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒரு பங்குதான் மிச்சம். கல்லணையில் திறந்த தண்ணீர் நாகப்பட்டினம் கடைமடைக்கு எவ்வளவு வருகிறது என்று நமக்கா தெரியாது! ஆரம்பத்தில், ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒரு பெட்டி வைத்து, ஒளியை மின்சாரமாக்கி, சரிசெய்து, மறுபடி ஒளியாக்கி அனுப்பினார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பெட்டி. செலவு தாங்காது.

இங்கேதான் ராமன் வருகிறார். பெல் ஆய்வுக்கூடத்தில் ரோஜர் ஸ்டோலன், எரிக் இப்பன் இருவரும் 1970களின் தொடக்கத்தில் கண்ணாடி இழையிலேயே ராமன் விளைவைத் தூண்டி, பலவீனமான ஒளி வளர்வதை அளந்து காட்டினார்கள். இழை என்பது சிலிக்கா. மாஸ்கோக்காரர்களின் குவார்ட்ஸும் சிலிக்காதான். செய்தி சுமக்கும் ஒளி 1550 நானோமீட்டர் என்றால், அதே இழையில் சுமார் 1450ல் ஒரு வலிமையான லேசரை விட வேண்டும். கண்ணாடி அணுக்களின் அதிர்வு அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளும். லேசரின் துகள்கள் நிறம் மாறி, செய்தி ஒளியோடு சேர்ந்துகொள்ளும். தனிப் பெட்டி வேண்டாம், போகிற பாதையே பெருக்கி. அந்த வலிமையான ஒளிக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? பம்பு. நம் வயல் பம்புசெட்டில் இருக்கும் அதே பம்பு. பெரும்பாலும் இதை எதிர்முனையிலிருந்து, அதாவது கடைமடையிலிருந்து மேல்நோக்கி விடுகிறார்கள். நம் வாய்க்காலில் நடக்காத காரியம்.

லின் மோலனாரும் கெவின் ஸ்மித்தும் சுமார் 42 கிலோமீட்டர் இழையை ஒரு வளையமாக்கினார்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் தூரம். ராமன் முறையில் ஒளிக்கு வலுவூட்டி அதற்குள்ளேயே சுற்றவிட்டு, 4000 கிலோமீட்டருக்கு மேல் ஒளித்துடிப்பைக் கொண்டுபோனார்கள். அந்தக் கட்டுரை வெளியான வருடம் 1988. நான் அவனை உட்காரச் சொன்ன அதே வருடம்.

உண்மையை மறைக்கக் கூடாது. ராமன் முறை உடனே ஜெயிக்கவில்லை. 1987ல் எர்பியம் என்ற தனிமத்தைக் கலந்த இழைப் பெருக்கி வந்தது. அதற்குக் குறைந்த பம்பு ஒளி போதும். பத்து வருடம் அதுவே ராஜா. 1990களின் கடைசியில் வலுவான பம்பு லேசர்கள் கிடைத்த பிறகு ராமன் பெருக்கி திரும்பி வந்தது. கூடுதல் இரைச்சல் இல்லாமல் வெகுதூரம் போக வேண்டிய இடங்களில் இன்று அதை எர்பியத்தோடு சேர்த்தோ தனியாகவோ வைக்கிறார்கள்.

என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். தினமும் இரவு எட்டு மணிக்கு வீடியோவில் வருவாள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதலே கடலடி இழை இருக்கிறது. 2020ல் சென்னையிலிருந்து அந்தமானுக்கும் சுமார் 2300 கிலோமீட்டர் போட்டுவிட்டார்கள். ஆழ்கடல் கம்பிகளில் பெரும்பாலும் எர்பியம்தான். தரைவழி நீண்ட கம்பிகளிலும், நடுவில் கருவியே வைக்காமல் கரைக்குக் கரை இழுக்கும் கடல் கம்பிகளிலும் ராமன் முறை அதிகம். ஆகவே அவள் முகம் என் திரையில் வரும்போது அதில் ராமன் இருக்கிறாரா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பேத்தியின் பல் முளைத்தது வரை தெரிகிறது, அது போதும். அண்ணன் இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

1988-89 பிளஸ் டூ செட்டில் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரை இங்கே போட வேண்டாம். அவன் நம்பர் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்.